பயம் மகன்மேல், அவசரம் அப்பாவுக்கு

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 22 வயது. ஏழு மாதமாகத் தினமும் நாலைந்து முறை வயிற்றால் போகிறது, சளி சளியாக. சில நாள் விடியற்காலையில் வயிறு பிடித்து எழுந்து ஓடுகிறான். நாலு கிலோ இளைத்துவிட்டான். முதலில் பார்த்த டாக்டர், டென்ஷனால் குடல் மிரண்டு வரும் ஐபிஎஸ் (IBS) என்றார். பிறகு லேபில் மலத்தில் கால்ப்ரொடெக்டின் பார்த்ததில் 640 வந்தது. 50க்குள் இருக்க வேண்டுமாம். போனில் தேடிப் பார்த்தால் கேன்சர் என்று வருகிறது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கைப்பந்து விளையாடிக் கணுக்கால் பிசகி, வலி மாத்திரை அடிக்கடி போடுவான்.

அதே லேபில் சலுகை என்று சொன்னதால் என் கணவருக்கும் (53 வயது, சர்க்கரை உண்டு) ஃபிட் என்ற மலப் பரிசோதனை எடுத்தோம். 46, பாசிட்டிவ் என்றார்கள். அவருக்குப் பத்து வருஷமாக மூலம் இருக்கிறது, அதனால்தான் இருக்கும். ஒரு வாரம் கழித்துப் பண்ருட்டிக்கு வேலையாகப் போனவர், காலையில் எடுத்ததைச் சாதாரண டப்பாவில் போட்டு வண்டி டிக்கியில் கொண்டுபோய், மதியம் அங்கே ஒரு லேபில் மறுபடி கொடுத்தார், நெகடிவ். சிஇஏ ரத்தப் பரிசோதனையும் 2.8தான். அதனால் அவரைப் பற்றிக் கவலை இல்லை. கொஞ்சம் அசதி, ஹீமோகுளோபின் 10.4, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்தின் இருப்பு) குறைவு. இரும்பு டானிக் குடிக்கிறார். இதெல்லாம் அக்னி நட்சத்திரத்தில் நடந்தது, மூன்று மாதம் ஆகிவிட்டது.

மகனுக்குக் குழாய் விடாமல் ரத்தத்திலேயே கண்டுபிடிக்கும் புது டெஸ்ட் வந்திருப்பதாகச் சென்னையில் இருக்கும் நாத்தனார் சொல்கிறார். அதை எடுக்கலாமா? குழாய்ப் பரிசோதனை செய்துதான் ஆக வேண்டும் என்றால், வாடகை காருக்கு இருமுறை செலவழிக்காமல் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் முடித்துவிடலாமா? எங்கள் வீட்டில் ஒரே கழிவறைதான்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் கவலை எல்லாம் மகனைப் பற்றி, கணவரைப் பற்றிக் கவலை இல்லை என்கிறீர்கள். நான் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். உங்கள் பயம் ஆள் மாறி உட்கார்ந்திருக்கிறது. மகனுக்கு இருப்பது பெரும்பாலும் நீண்ட நாள் மருந்து சாப்பிட்டுக் கட்டுக்குள் வைக்கக்கூடிய ஒன்று. அதையும் தள்ளிப்போடக் கூடாதுதான். ஆனால் இந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டியவர் உங்கள் கணவர்.

அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

ஃபிட் என்பது மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. மனித ரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள குளோபின் என்ற புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை வைத்து அளக்கிறார்கள். ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டாலும் ஈரல் சாப்பிட்டாலும் அதற்குக் கவலை இல்லை, பத்தியம் வேண்டாம். இரைப்பையில் கசியும் ரத்தத்தின் குளோபின் கீழே வருவதற்குள் செரித்துப்போய்விடும். ஆகையால் ஃபிட் பாசிட்டிவ் என்றால் கசிவு பெரும்பாலும் பெருங்குடலில், அல்லது மலக்குடலில். ஒரு கிராம் மலத்தில் இத்தனை மைக்ரோகிராம் என்று எண்ணாகவே வரும். வயிற்றுத் தொந்தரவோ ரத்தசோகையோ உள்ளவர்களுக்குப் பிரிட்டனில் 10ஐத் தொட்டாலே அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறார்கள். உங்கள் கணவருக்கு 46.

பண்ருட்டி லேப் தந்த ரிப்போர்ட்டில் எண் எதுவும் இல்லை. 'ஆக்கல்ட் பிளட் – நெகடிவ்', அதாவது மறைந்திருக்கும் ரத்தம் இல்லை என்று ஒரு வரிதான். நம் ஊரில் அந்த ஒரு வரிக்குப் பின்னால் எந்த முறை இருக்கிறது என்று கேட்காமல் தெரியாது. பழைய குவாயக் முறையாக இருந்தால், அட்டையில் மலத்தைத் தடவி, சொட்டு மருந்து விட்டு, நீலமாகிறதா என்று பார்ப்பது. அதை ஏமாற்றுவது சுலபம். முள்ளங்கியும் ஈரலும் சாப்பிட்டிருந்தால் பொய்யாக நீலமாகும், வைட்டமின் சி மாத்திரை நிறையப் போட்டிருந்தால் நீலமாக வேண்டியதுகூட ஆகாது. ஒரே ஒருமுறை செய்தால் புற்றுநோய்களில் பாதிக்கு மேல் தவறவிடக்கூடிய முறை அது. அதற்காக அதைக் கேவலமாகச் சொல்லிவிட முடியாது. வருஷா வருஷம் அந்த அட்டையைத் தடவிக் கொடுத்தவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று அமெரிக்காவின் மினசோட்டா ஆய்வு 1993லேயே காட்டியது. மலப் பரிசோதனைக்கு மரியாதை வந்ததே அதனால்தான். ஆனால் 'வருஷா வருஷம்' என்ற சொல்லை விட்டுவிட்டு அதைப் படிக்கக் கூடாது.

ஒருவேளை பண்ருட்டியிலும் ஃபிட் வகைதான் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். காலையில் எடுத்த மாதிரியைச் சாதாரண டப்பாவில் போட்டு, வண்டி டிக்கியில் வைத்துக்கொண்டு போய், வேலையை முடித்துவிட்டு மதியம் கொடுத்தார் என்கிறீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் நின்ற வண்டியின் டிக்கி எப்படி இருக்கும் என்று கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஹீமோகுளோபின் சூட்டில் சிதைந்துவிடும். நம்மைவிடக் குளிர்ந்த நாடான இத்தாலியிலேயே கோடையில் ஃபிட் பாசிட்டிவ் குறைவதைக் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நம்மூர் சித்திரைக்குக் கேட்கவே வேண்டாம்.

இதையெல்லாம் தள்ளிவிட்டாலும் ஒன்று இருக்கிறது. பாலிப்போ (குடலின் உள்சுவரில் வளரும் சதைமொட்டு) கட்டியோ தினமும் ரத்தம் கசிவதில்லை. இன்று கசியும், நாலு நாள் சும்மா இருக்கும். ஒருமுறை பாசிட்டிவ் வந்து மறுமுறை நெகடிவ் வந்தால் 'முதலில் வந்தது தப்பு' என்று அர்த்தம் இல்லை, 'முதல் தடவை பிடிபட்டது' என்றுதான் அர்த்தம். பாசிட்டிவ் வந்ததும் ஃபிட்டின் வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு திரும்பத் திரும்ப எடுப்பது, நமக்குப் பிடித்த பதில் வரும்வரை கோயில் கோயிலாகப் பூக்கட்டிப் பார்ப்பதைப் போலத்தான்.

இதை நான் சும்மா பாடம் சொல்லவில்லை. பல வருஷம் முன்பு, அப்போது நான் வேறொரு மருத்துவமனையில் இருந்தேன். பாகூர்ப் பக்கம் கரும்பு விவசாயி ஒருவர், ஐம்பது தாண்டியவர், இதேபோல் ஒரு பாசிட்டிவ், ஒரு நெகடிவ் ரிப்போர்ட்டோடு வந்தார். அறுவடை நேரம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மூலமும் இருந்தது, கையில் நெகடிவ் ரிப்போர்ட்டும் இருந்தது. நானும் 'சரி, ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்றேன். ஒன்றரை வருஷம் கழித்து வந்தார், ஹீமோகுளோபின் 7க்குக் கீழே. பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வலது பக்கம், கட்டி. அறுவை சிகிச்சை செய்து பிழைத்தார். ஆனால் முதல் தடவையே பார்த்திருந்தால் அது ஒருவேளை கம்பி வளையத்தால் வெட்டி எடுக்கிற பாலிப்பாகவே இருந்திருக்கும். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த 'சரி' இன்னும் காதில் கேட்கிறது.

வலது பக்கக் கட்டி என்று ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் கணவரின் ஹீமோகுளோபின் 10.4 என்னை உறுத்துகிறது. பெருங்குடலின் வலது பாதி அகலமானது, அங்கே மலம் கூழாக இருக்கும். கட்டி இருந்தாலும் அடைக்காது, வலிக்காது. கசிகிற ரத்தம் மலத்தோடு கலந்து நிறம் தெரியாமல் போய்விடும். வெளியே தெரிவது ஒன்றுதான்: மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், 'வயசாகிவிட்டது' என்போம். மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைவுக்குக் காரணம் தேட அதிகம் அலைய வேண்டாம். 53 வயது ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்தால், அது எங்கேயோ ஒழுகுகிறது என்று எடுத்துக்கொண்டு இரைப்பைப் பக்கமும் பெருங்குடல் பக்கமும் இரண்டையும் பார்க்க வேண்டும். ஃபிட் எடுக்காமலே இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். டானிக் குடித்தால் எண் ஏறும். ஒழுகும் தொட்டியில் மோட்டார் போட்டால் தண்ணீர் மட்டம் ஏறத்தான் செய்யும்.

மூலம் இருக்கட்டும். மூலம் உள்ளவருக்குப் பாலிப் வரக்கூடாது என்று சட்டம் இல்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து புதுச்சேரி வரை சுவர் தவறாமல் 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பார்த்து, ஆசனவாயில் எது நடந்தாலும் அது மூலம் என்று நமக்குப் பழகிவிட்டது. மூலத்தில் வருவது பொதுவாகச் சிவப்பாக, சொட்டாக, கண்ணுக்குத் தெரிகிற ரத்தம். அது ஹீமோகுளோபினை 10க்கு இறக்க வேண்டுமானால் வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற அளவுக்குப் போயிருக்க வேண்டும்.

அடுத்து சிஇஏ. 1965ல் கண்டுபிடித்த புரதம் அது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு நோய் திரும்புகிறதா என்று பார்க்க அருமையான பரிசோதனை. ஆனால் நோய் இருக்கிறதா இல்லையா என்று முதலில் தேடுவதற்கு அது உதவாது. ஆரம்ப நிலையில் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். நோயே இல்லாமல் பீடி குடிப்பவருக்குச் சற்று ஏறியும் இருக்கும். 'முழு உடல் பேக்கேஜ்' என்று விற்பவர்கள் அதை ஏன் சேர்க்கிறார்கள் என்றால், பட்டியல் நீளமாகத் தெரியும். 2.8ஐப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம்.

இவ்வளவு சொன்னதால் அவருக்குப் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபிட் பாசிட்டிவ் வந்து கொலோனோஸ்கோபி (நீங்கள் சொல்லும் குழாய்ப் பரிசோதனை) செய்துகொள்பவர்களில் நூற்றில் சில பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது. அதைவிடப் பல மடங்கு பேருக்குப் பாலிப் இருக்கும். பாலிப் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து வருஷம்போல் எடுக்கும், அதற்குள் பிடித்து அதே குழாய் வழியாக வெட்டி எடுத்துவிட்டால் வரவிருந்த நோயே வராது. மார்பகத்துக்கு எடுக்கும் மேமோகிராம் இருக்கிற புற்றுநோயைக் காட்டுகிறது. கொலோனோஸ்கோபி வரப்போவதையே வெட்டி எடுக்கிறது. எவ்வளவு தள்ளிப்போடலாம் என்று கேட்பீர்கள். கலிபோர்னியாவில் ஃபிட் பாசிட்டிவ் வந்த சுமார் 70,000 பேரைப் பின்தொடர்ந்து 2017ல் ஒரு ஆய்வு வெளியானது. ஒரு மாதத்துக்குள் செய்துகொண்டவர்களோடு ஒப்பிட்டால், பத்து மாதம் தாண்டியவர்களிடம் புற்றுநோயும் அதிகம், முற்றிய நிலையும் அதிகம். உங்களுக்கு மூன்று மாதம் போய்விட்டது. பதறி ஓட வேண்டிய கட்டம் இல்லை. ஆனால் தீபாவளி முடியட்டும், தை பிறக்கட்டும் என்று தள்ளினால் அந்தப் பத்து மாதம் நெருங்கிவிடும். அதுவும் ரத்தசோகை உள்ளவருக்கு நான் அவ்வளவு தாராளமாக இருக்க மாட்டேன்.

இப்போது மகன்.

கால்ப்ரொடெக்டின், நம் வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகைக்குள் நிரம்பியிருக்கும் புரதம். கால்சியத்தைப் பிடிப்பதால் 'கால்'. கிருமிகளுக்குத் தேவையான துத்தநாகத்தைப் பறித்து வைத்துக்கொண்டு அவற்றைப் பட்டினி போடுவது அதன் வேலைகளில் ஒன்று. 1980ல் நார்வேயில் அடையாளம் கண்டார்கள். பிறகு அது மலத்தில் சிதையாமல் சில நாள் இருப்பதைப் பார்த்து 1992ல் மலத்திலேயே அளக்கத் தொடங்கினார்கள். குடல் சுவரில் அழற்சி இருந்தால் நியூட்ரோஃபில்கள் கூட்டமாக அங்கே வந்து குடலுக்குள் இறங்கி மடியும். அவை விட்டுப்போனதை நாம் எண்ணுகிறோம். பந்தி முடிந்ததும் கொல்லையில் கிடக்கும் எச்சில் இலைகளை எண்ணினால் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். அது கல்யாணச் சாப்பாடா, கருமாதிச் சாப்பாடா என்று இலை சொல்லாது. 640 என்பது பெரிய பந்தி. எதற்கான பந்தி என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும்.

ஆனால் ஒன்றை அது தெளிவாகச் சொல்லிவிட்டது: இது டென்ஷன் இல்லை. ஐபிஎஸ்ஸில் குடல் சுவர் நன்றாக இருக்கும், கால்ப்ரொடெக்டின் பெரும்பாலும் 50க்குள் இருக்கும். 50க்குக் கீழே வந்திருந்தால் குடல் அழற்சி நோய் இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியிருக்கும், நானும் அவனுக்குக் குழாய் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். இந்தப் பரிசோதனையால் உண்மையில் பிழைத்தவர்கள் அப்படித் தப்பித்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள்தான். 50க்கும் 250க்கும் நடுவில் வந்தால் குழப்பம், சில வாரம் பொறுத்து மறுபடி பார்ப்போம். 640க்கு அந்தக் குழப்பம் இல்லை. அழற்சியைக் காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனை நார்மலாக வந்தாலும் ஏமாற வேண்டாம், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சி நோயில் சிஆர்பி சாதுவாக இருப்பது சகஜம்.

புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். 22 வயதில் அது மிக அபூர்வம். கால்ப்ரொடெக்டினை நாங்கள் புற்றுநோய் தேடப் பயன்படுத்துவதும் இல்லை. கட்டி இருந்தால் அதுவும் ஏறக்கூடும் என்பதால்தான் போனில் தேடினால் அந்தச் சொல் வந்து நிற்கிறது. என் பட்டியலில் முதலில் இருப்பவை வேறு.

முதலாவது, அந்த வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகையறா எல்லாம் குடல் சுவரைப் புண்ணாக்கிக் கால்ப்ரொடெக்டினை ஏற்றிவிடும். இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கணுக்கால் வலித்தால் பாராசிட்டமால் போதும். 'கேஸுக்கு' என்று தினமும் காலையில் போடும் பான்டாப்ரசோல் வகை மாத்திரையும் கொஞ்சம் ஏற்றும், தேவையில்லாமல் போட்டால் அதையும் டாக்டரிடம் கேட்டு நிறுத்தலாம். இரண்டாவது, தொற்று. அமீபா சீதபேதி நம் பக்கத்தில் இன்னும் போய்விடவில்லை. மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் கல்ச்சர் செய்வதும் ஆடம்பரப் பரிசோதனைகள் இல்லை. முதலில் செய்ய வேண்டியவை. மூன்றாவது, குடல் அழற்சி நோய். அதில் இரண்டு: அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், க்ரோன்ஸ். 'இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி' என்று நான் படிக்கும்போது பேராசிரியர்கள் சொன்னதுண்டு. பஞ்சாபில் வீடு வீடாகப் போய் எண்ணி 2003ல் வெளியிட்டபோது லட்சத்துக்கு 44 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருந்தது. நம் பக்கத்திலும் என் புறநோயாளிப் பிரிவில் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

நாலாவது, இந்தியாவில் இதைச் சொல்லாமல் விட்டால் நான் டாக்டரே இல்லை: குடல் காசநோய். க்ரோன்ஸும் காசநோயும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இரண்டும் சிறுகுடல் முடியும் இடத்தில் உட்காரும், இரண்டிலும் இளைப்பு, வயிற்றுவலி, புண். இரண்டிலும் கால்ப்ரொடெக்டின் ஏறும். க்ரோன்ஸ் என்று நினைத்துக் காசநோய்க்காரருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் பற்றி எரியும். மலத்திலும் ரத்தத்திலும் உள்ள எந்தக் குறியீடும் இந்த இரண்டையும் நம்பும்படி பிரித்துச் சொல்லாது. உள்ளே போய், புண் எப்படி இருக்கிறது என்று பார்த்து, பல இடங்களில் சதை எடுத்துப் பயாப்ஸிக்கும் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். அப்படியும் சில நேரம் முடிவு தெரியாமல் காசநோய் மருந்தை முதலில் கொடுத்து, இரண்டு மூன்று மாதத்தில் புண் ஆறுகிறதா என்று மறுபடி குழாய் விட்டுப் பார்க்கிறோம். ஆக, அவனுக்கும் கொலோனோஸ்கோபி வேண்டும். இளைப்பும் விடியற்காலை எழுந்து ஓடுவதும் இல்லாமல் இருந்திருந்தால், வலி மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் கழித்துக் கால்ப்ரொடெக்டினை மறுபடி பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். இவை இருப்பதால் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் கால்ப்ரொடெக்டின் அவனுக்கு உண்மையான நண்பன். அழற்சி நோய் என்று உறுதியாகி மருந்து தொடங்கினால், மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை மலத்தில் இதைப் பார்த்தே குடல் ஆறுகிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். 100லிருந்து 250க்குள் இறக்குவதைச் சிகிச்சையின் குறிகளில் ஒன்றாகவே 2021ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் குழாய் விட வேண்டியதில்லை. வயிறு நன்றாக இருக்கும்போதே எண் ஏறத் தொடங்கினால், நோய் கிளம்பப்போகிறது என்று முன்கூட்டியே மருந்தைச் சரிசெய்யலாம். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்றே வந்து பெருங்குடலின் பெரும் பகுதியைப் பிடித்திருந்தால், எட்டு வருஷத்துக்குப் பிறகு புற்றுநோய்க்காகக் கண்காணிப்பு கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டியிருக்கும். அது அப்போதைய பேச்சு.

நாத்தனார் சொன்ன ரத்தப் பரிசோதனை உண்மைதான், புரளி இல்லை. கட்டியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் டிஎன்ஏ துணுக்குகளைத் தேடும் ஒரு பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2024ல் அனுமதி கிடைத்தது. அந்த ஆய்வில் பெருங்குடல் புற்றுநோயில் 83 சதவீதத்தைப் பிடித்தது. ஆனால் புற்றுநோயாக மாறக்கூடிய பெரிய பாலிப்புகளில் பிடித்தது 13 சதவீதம்தான். நாம் வெட்டி எடுத்துக் காப்பாற்ற வேண்டியதே அவற்றைத்தான். மலத்திலேயே ரத்தத்தோடு டிஎன்ஏ மாற்றங்களையும் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனை அங்கே 2014 முதல் இருக்கிறது. 92 சதவீதப் புற்றுநோயைப் பிடித்தது, அதே ஆய்வில் ஃபிட் 74 சதவீதம். ஆனால் நோய் இல்லாதவர்களையும் அது கூடுதலாகப் பாசிட்டிவ் என்று சொல்லிவிடும். ஜப்பானில் ஒரு லாப்ரடார் நாய், மூச்சையும் மலத்தையும் மோந்து பார்த்தே நோயாளியைச் சரியாகக் காட்டியதாக 2011ல் எழுதினார்கள். புற்றுநோய்க்கென்று வாசனை இருக்கிறது என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை, பழைய நர்ஸ்கள் சில நோய்களை வார்டு வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். இவை எல்லாமே, தொந்தரவு ஒன்றும் இல்லாத ஆட்களில் யாரை உள்ளே பார்க்க வேண்டும் என்று சலிப்பதற்கான சல்லடைகள். உங்கள் வீட்டில் இரண்டு பேரும் சல்லடையில் ஏற்கெனவே நின்றுவிட்டவர்கள். மறுபடி விலை உயர்ந்த சல்லடையில் போடக் காசு செலவழிக்க வேண்டாம். அதுவும் அந்த ரத்தப் பரிசோதனை உங்கள் மகனின் பிரச்சினைக்கு ஆனதே இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விஷயம். நம் நாட்டில் அரசு வீடு தேடி வந்து பார்ப்பது வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்று புற்றுநோய்களுக்குத்தான், பெருங்குடலுக்கு அப்படித் திட்டம் இல்லை. 45, 50 வயது தாண்டியவர்கள் தாங்களாகவே வருஷம் ஒருமுறை ஃபிட் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்தியன் டாய்லெட்டில் தண்ணீரில் விழுந்ததை எடுக்கக் கூடாது. பீங்கான்மேல் பழைய செய்தித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக விரித்து, அதன்மேல் விழச் செய்யுங்கள். லேபில் தரும் சின்னக் குழாயின் மூடியோடு வரும் குச்சியின் நுனியில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். மலத்தின் மேல்பரப்பில் நாலைந்து இடத்தில் சுரண்டி அந்தப் பள்ளம் நிரம்பினால் போதும், வேண்டியது 10 மில்லிகிராம் அளவுதான். 'நிறையக் கொடுத்தால் நல்லது' என்று டப்பா நிறையக் கொண்டுவருபவர்கள் உண்டு, அது லேப்காரருக்குத்தான் தண்டனை. குழாயில் உள்ள திரவம் ஹீமோகுளோபினைக் காப்பாற்றும், அதைக் கொட்டிவிடாதீர்கள். அன்றே கொடுங்கள், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் ஒரு மூடிய டப்பாவுக்குள். வீட்டுப் பெண்கள் திட்டுவார்கள், பரவாயில்லை. மலத்தில் ரத்தம் கண்ணுக்கே தெரிகிறவர்கள் ஃபிட் நெகடிவ் என்று வந்ததை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

இனி, போய்ச் செய்துகொள்ள வேண்டியது. கோரிமேடு ஜிப்மரில் குடல் நோய்க்கு மருத்துவப் பிரிவும் அறுவை சிகிச்சைப் பிரிவும் இரண்டும் இருக்கின்றன. கடலூரிலிருந்து காலையில் முதல் பஸ்ஸில் ஏறினால் சீட்டு வாங்கும் நேரத்துக்குப் போய்விடலாம். கடலூரிலேயே செய்துகொள்வதாக இருந்தாலும் சரி. எங்கே போனாலும் எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்துப்போங்கள், அந்த நெகடிவ் உட்பட. குழாய்க்குப் பயப்பட வேண்டாம், மயக்க ஊசி போட்டுத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. கணவர் இரும்பு டானிக்கை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் குடல் சுவரெல்லாம் கருப்பாக ஒட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாது. சர்க்கரை மாத்திரையை எப்படிக் குறைப்பது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பேதி மருந்து குடித்துப் பட்டினியாக இருக்கும்போது வழக்கம்போல் போட்டுச் சர்க்கரை இறங்கி மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். முந்தின இரண்டு நாள் கீரை, கேழ்வரகு, கொய்யா, தக்காளி விதை வேண்டாம். வெள்ளைச் சாதம், இட்லி, மோர் ஆகும். கடைசி நாள் இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு மட்டும், மாதுளையும் பீட்ரூட்டும் குடித்துவிட்டு வந்து எங்களைப் பயமுறுத்தக் கூடாது. கணவருக்குப் பெரிய பாலிப்போ புற்றுநோய்க் கட்டியோ இருந்தால் மகனும் 40 வயதில் கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டியிருக்கும். அதனால் அவர் ரிப்போர்ட்டை மகன் பெயரிலும் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

கடைசியாக, ஒரே நாள் விஷயம். பேதி மருந்து இரண்டு லிட்டர். பாதியை முந்தின இரவும், மீதியை விடியற்காலை நாலு மணி வாக்கிலும் குடிக்க வேண்டும். குடித்த ஒரு மணி நேரத்தில் தொடங்கினால் பத்துப் பன்னிரண்டு தடவை போகும், சொல்லிவிட்டு வராது. ஒரே கழிவறை உள்ள வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே இரவில் அதைக் கொடுப்பது என்றால், பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியிருக்கும். வாடகை கார் இரண்டு தடவை ஆகட்டும். இந்த வாரம் அவரை அழைத்துப்போங்கள். அவருக்குத் தேதி வாங்கும்போதே மகனுக்கும் இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி கேட்டுவிடுங்கள், அதற்குள் அவன் மலப் பரிசோதனைகளின் முடிவும் கைக்கு வந்துவிடும்.